படம் எடுத்த ஊரும் படம் பிழைத்த ஊரும்

சினிமாப் பித்துப் பிடித்தவர்கள் ஊர் சுற்றக் கிளம்பினால் கோயிலும் அருவியும் அவர்கள் பட்டியலில் பின்னால்தான் வரும். வங்காளத்துக்குப் போனால் 'பதேர் பாஞ்சாலி' எடுத்த போரால். காசிக்குப் போனால் 'அபராஜிதோ'வின் படித்துறைகள். ஜப்பானில் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' தொடங்கி முடியும் ஒனொமிச்சி துறைமுகம். அமெரிக்காவில் ஜான் ஃபோர்டு திரும்பத் திரும்பப் போய் நின்ற மானுமென்ட் பள்ளத்தாக்கு. எல்லாமே கேமரா வைத்த இடங்கள். இந்த யாத்திரையில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்த வரைபடத்தில் விடுபட்டுப்போன ஊர்கள்தான் ஒரு ரசிகரின் ரசனையை உண்மையில் தீர்மானிக்கின்றன என்பது என் கட்சி. ஒரு படம் எங்கே எடுக்கப்பட்டது என்பதைவிட, அது எங்கே பிழைத்துக் கிடந்தது, யார் அதைத் துடைத்து எடுத்தார்கள் என்பது பெரிய கேள்வி. 'உலக சினிமா' என்று மரியாதையோடு நாம் சொல்லும் பட்டியலை உலகத்தில் எடுக்கப்பட்ட நல்ல படங்களின் பட்டியல் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது, யாரோ ஒருவர் பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்த படங்களின் பட்டியல். இந்திய சினிமா இந்தப் பக்கம், உலக சினிமா அந்தப் பக்கம் என்று நாம் போட்டுக்கொண்ட வேலியும் இந்த வழியில் போனால் நிற்காது. போராலில் தொடங்கி, சென்னை, புனே வழியாக இத்தாலியின் போலோன்யா வரை போய்ப் பார்த்தால் இது விளங்கும்.

போரால் இன்று கிராமம் இல்லை. கொல்கத்தாவின் தெற்கு விளிம்பில், கரியாவைத் தாண்டி, நகரம் விழுங்கிவிட்ட புறநகர். சத்யஜித் ராய்க்கு அங்கே ஒரு மார்பளவுச் சிலை வைத்திருக்கிறார்கள். படத்தில் கண்ட மூங்கில் தோப்பையும் தாமரைக் குளத்தையும் நெஞ்சில் சுமந்துகொண்டு போகிறவருக்கு ஏமாற்றம் நிச்சயம். அதற்குப் பழியை நகரத்தின் மேல் மட்டும் போட முடியாது. 1952லேயே, படத்தில் வரும் கிராமமான நிச்சிந்தபூர் முழுதாக அந்த ஊரில் இருந்ததில்லை. சிதிலமடைந்த வீடும் சுற்றுப்புறமும் போராலுடையவை. இரவுக் காட்சிகளை ராய் ஸ்டூடியோவில் எடுத்தார். படத்தின் சிறுவர்கள் அபுவும் துர்காவும் முதன்முதலாக ரயிலைப் பார்க்கும் அந்த நாணல்பூக் காடு போராலிலிருந்து வெகுதூரம், வர்த்தமான் போகும் ரயில்பாதையில் பால்சிட் பக்கம். அக்டோபர் 27ஆம் தேதி முதல் நாள் படப்பிடிப்பு நடந்ததும் அங்கேதான். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மிச்சக் காட்சிக்கு மறுவருஷம் பூக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நடுவில் பணம் தீர்ந்து, கடைசியில் மேற்கு வங்க அரசு கைகொடுத்தது. படத்தின் பெயரில் பாதை இருந்ததாலோ என்னவோ, அந்தத் தொகையைச் சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதினார்கள். ஆக, வீடு ஓரிடம், காடு ஓரிடம், இரவு இன்னோரிடம். இவை ஒன்றுசேர்ந்து ஊரானது படத்தொகுப்பு மேசையில். நிச்சிந்தபூருக்கு முகவரி என்று ஒன்று உண்டென்றால் அது அந்தப் படத்தின் நெகட்டிவ்தான்.

அந்த நெகட்டிவின் அலைச்சல் அபுவின் அலைச்சலைவிடப் பெரியது. 1992இல் ராய்க்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தபோதுதான் அவர் படங்களின் நல்ல பிரதிகள் எவ்வளவு அரிதாகிவிட்டன என்பது அகாடமிக்கு உறைத்தது. ராய் அதே ஆண்டு ஏப்ரலில் மறைந்தார். மீட்பு வேலைக்காக மூல நெகட்டிவ்கள் லண்டன் போயின. 1993 ஜூலையில் தெற்கு லண்டனில் அவை இருந்த லேப் தீப்பற்றியது. அபு வரிசையின் மூன்று படங்களுடைய சுருள்களும் அதில் சிக்கின. கருகி, உருகி, ஒட்டிக்கொண்டு கிடந்ததைக் குப்பை என்று யாராவது ஒதுக்கியிருந்தால் குற்றம் சொல்ல முடியாது. அன்றைய தொழில்நுட்பத்தில் அவற்றை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஆனாலும் அவற்றை அமெரிக்காவில் அகாடமியின் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். இருபது ஆண்டுகள் அவை அங்கே சும்மா இருந்தன. பிறகு கிரைட்டீரியன் நிறுவனமும் அகாடமியும் சேர்ந்து அவற்றைப் போலோன்யாவில் உள்ள 'லிம்மாஜினே ரித்ரொவாத்தா' என்ற லேபுக்குக் கொண்டுபோயின. காய்ந்த அப்பளம்போல நொறுங்கும் சுருளுக்கு முதலில் ஈரப்பதம் ஏற்ற வேண்டும். பழைய ஒட்டுகளைப் பிரிக்க வேண்டும். சிதைந்த பல்துளைகளை ஒவ்வொன்றாகக் கையால் திரும்பக் கட்ட வேண்டும். கைவேலைக்கு மட்டும் ஏறக்குறைய 1000 மணி நேரம் ஆனது. 'பதேர் பாஞ்சாலி'யில் 40 விழுக்காடும் 'அபராஜிதோ'வில் 60 விழுக்காட்டுக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே மீண்டன. 'அபுர் சன்சார்' சுருள்களில் எஞ்சியவை பயன்படவில்லை. குறைந்ததையெல்லாம் வேறு காப்பகங்களில் இருந்த பிரதிகளைக் கொண்டு நிரப்பினார்கள். 1955 மே மாதம் 'பதேர் பாஞ்சாலி' முதன்முதலில் திரையிடப்பட்ட அதே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், 2015 மே மாதம் மூன்று படங்களும் திரும்ப வந்தன. இன்று துர்கா ஓடுவதைப் பார்க்கிறவர் பார்ப்பது பால்சிட்டின் வெளிச்சத்தை. அது லண்டனில் கருகி, லாஸ் ஏஞ்சலீஸில் காத்திருந்து, போலோன்யாவில் இளகிய வெளிச்சம்.

இதே கதை சென்னையிலும் உண்டு. ஜெமினி மேம்பாலம் என்று ஊரார் சொல்லும் பாலத்துக்கு அரசு வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். பக்கத்தில் எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோ இருந்த நிலத்தில் இப்போது நட்சத்திர ஓட்டல் நிற்கிறது. அந்த ஸ்டூடியோவில்தான் நடனக் கலைஞர் உதய் சங்கர் தாம் இயக்கிய ஒரே படமான 'கல்பனா'வை எடுத்தார். ஒளிப்பதிவு நம் கே. ராம்நாத். பதின்பருவத்துப் பத்மினி அதில் ஆடியிருக்கிறார். 1948இல் வெளிவந்த அந்தப் படம் பணத்தைச் சம்பாதிக்கவில்லை. ஆனால் அதன் காட்சியமைப்புகளை அருகிலிருந்து கவனித்த ஜெமினிக்காரர்கள் அதே ஆண்டு வந்த 'சந்திரலேகா'வில் அவற்றின் சாயலைக் கொண்டுவந்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம். இன்று அண்ணா சாலையில் நின்று 'கல்பனா'வைத் தேடினால் பாலத்தின் பட்டப்பெயர் தவிர எதுவும் சிக்காது. புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்த டூப் நெகட்டிவையும் ஒரு பாசிட்டிவ் பிரிண்டையும் வைத்து, மார்ட்டின் ஸ்கார்செஸி தொடங்கிய உலக சினிமா அறக்கட்டளை, அதே போலோன்யா லேபில் படத்தை மீட்டது. 2012இல் கான் விழாவில் அது திரையிடப்பட்டபோது கதாநாயகியாக நடித்த அமலா சங்கர், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், நேரில் வந்திருந்தார். படம் எடுத்த ஊரில் கட்டடமும் இல்லை, செட்டும் இல்லை. படம் மட்டும் இருக்கிறது.

கேமரா வைத்த இடங்களுக்குப் போவது வீண் என்றா சொல்கிறாய் என்று கேட்கலாம். இல்லை. இடம் நிறையச் சொல்லிக்கொடுக்கும். ஒனொமிச்சி மலைச்சரிவில் ஏறி நின்றால், குறுகிய கடல், எதிரே தீவு, காலடியில் ரயில்பாதை எல்லாம் ஒரே பார்வைக்குள் அடங்கும். ஓசு கேமராவை எங்கே தாழ்த்தி வைத்தார், எதை விட்டுவிட்டார் என்பது அப்போது தெரியும். போராலும் பால்சிட்டும் எவ்வளவு தொலைவு என்று தெரிந்தவருக்கு ராயின் கைத்திறன் கூடுதலாகத் தெரியும். ஆனால் இந்த அறிவெல்லாம் படம் கையில் இருந்தால்தான் கிடைக்கும். படம் போய்விட்டால் இடம் வெறும் இடம். நாமறிய ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்', தென்னாட்டின் முதல் கதைப்படம், அழிந்துவிட்டது. 1931இல் வந்த 'காளிதாஸ்', தமிழ் பேசிய முதல் படம், அதுவும் இல்லை. அவை எடுக்கப்பட்ட தெருக்களைக் கண்டுபிடித்துப் போய் நின்றாலும் நமக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை, ஒப்பிடுவதற்குப் பிம்பம் இல்லாததால். கார்ல் டிரேயரின் 'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்' 1928இல் வெளிவந்த, பிரான்சில் எடுத்த படம். அதன் நெகட்டிவ் தீயில் போய், வெட்டிச் சிதைத்த பதிப்புகளே அரை நூற்றாண்டு ஓடிக்கொண்டிருந்தன. முழுமையான மூலப் பிரதி 1981இல் கிடைத்த இடம் நார்வேயில், ஓஸ்லோவுக்கு அருகே ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரி. அந்தப் படத்தைக் கும்பிடுகிற ரசிகர் பிரான்சுக்குப் போவதா, அந்த அலமாரிக்குப் போவதா?

புனேயில் லா காலேஜ் சாலைப் பக்கம் போகிற சினிமாக்காரர்கள் பொதுவாகப் பழைய பிரபாத் ஸ்டூடியோவைப் பார்க்கத்தான் போவார்கள். 1960இலிருந்து திரைப்படக் கல்லூரி இயங்குவது அந்த வளாகத்தில். சற்றுத் தள்ளி இருக்கும் ஆவணக் காப்பகத்துக்குக் கூட்டம் குறைவு. 1964இல் தொடங்கிய அந்தக் காப்பகத்தை உண்மையில் உருவாக்கியவர் பி. கே. நாயர். 1991இல் ஓய்வு பெறும்வரை அவர் பெட்டி பெட்டியாகச் சேர்த்தார். நாசிக் போய்ப் பால்கேயின் குடும்பத்தாரிடமிருந்து மிச்சமிருந்த துண்டுகளைத் தேடி எடுத்து வந்தார். 'ராஜா ஹரிச்சந்திரா'வின் முதல் ரீலும் கடைசி ரீலும் இன்று நாம் பார்க்கக் கிடைப்பது அந்தத் தேடலால்தான். அவையும் 1913இல் எடுத்ததா, 1917இல் பால்கே திரும்ப எடுத்ததா என்ற வழக்கு ஓயவில்லை. இந்தியாவில் 1300க்கும் மேல் மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. தேறியவை இரண்டு மூன்று டஜனைத் தாண்டாது, அவற்றிலும் பல அரைகுறை. நம் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா'வுக்குப் பிரதியே இல்லை. காரணங்கள் எளிமையானவை. நைட்ரேட் சுருள் தானாகத் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீராலும் அணையாது. பின்னால் வந்த அசிட்டேட் சுருள் நம் ஊர் வெக்கையில் புளித்து, வினிகர் வாடை அடித்து, சுருண்டுபோகும். மிச்சத்தை வெள்ளிக்காக உருக்க எடுத்துப் போனார்கள். 2003 ஜனவரியில் புனேயிலேயே ஒரு தீ விபத்தில் நைட்ரேட் சுருள்கள் ஏராளமாக அழிந்தன.

நாயரிடம் ஒரு பழக்கம் இருந்தது, அது எனக்குப் பெரிதாகப் படுகிறது. நல்ல படம், கெட்ட படம் என்று அவர் பிரித்துச் சேர்க்கவில்லை, அகப்பட்டதையெல்லாம் வைத்துக்கொண்டார். குப்பைப் படங்களுக்கு எதற்குக் குளிரூட்டிய அறை என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். இடமும் பணமும் அளவோடுதான் இருக்கின்றன என்பதால் அது நியாயமான கேள்விதான். ஆனால் எது குப்பை என்று முடிவுசெய்கிறவர் தன் காலத்து ரசனையை வைத்தே முடிவுசெய்வார். 'கல்பனா'வை 1950இல் ஒரு விநியோகஸ்தரிடம் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? ரித்விக் கட்டக்கின் படங்கள் அவர் உயிரோடிருந்தபோது பெரும்பாலும் தோல்விப் படங்கள். காப்பகம் விமர்சகருக்கு முன்னால் வர வேண்டும். விமர்சகர் முதலில் வந்தால் அவருக்குப் பின்னால் வருகிற விமர்சகருக்கு வேலை இருக்காது.

போலோன்யாவுக்கு ரயிலில் வந்து இறங்குவது நல்லது. நிலையத்தின் வெளிச்சுவரில் ஒரு கடிகாரம் 10:25இலேயே நிற்கிறது. 1980 ஆகஸ்ட் 2ஆம் தேதி அங்கே குண்டு வெடித்து 85 பேர் இறந்த நேரம் அது. நகரம் முள்ளை அப்படியே விட்டிருக்கிறது. மறக்க விரும்பாத ஊர் என்று இதற்கும் திரைப்படக் காப்பகத்துக்கும் முடிச்சுப் போடுவது எளிது, ஆனால் காப்பகம் அந்தக் குண்டுக்கு முன்பே, 1960களில், நகராட்சியின் முயற்சியாகத் தொடங்கியது. அந்த 'நகராட்சி' என்ற விவரத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். குப்பை அள்ளுவதும் குடிநீர் விடுவதும்போலப் படம் காப்பதும் ஊராட்சியின் வேலை என்று நினைத்த ஊர் அது. நிலையத்திலிருந்து நடுச் சதுக்கத்துக்கு நடந்தே போகலாம். வழிநெடுகத் தூண் வரிசைத் தாழ்வாரங்கள். ஊர் முழுக்க இப்படி 62 கிலோமீட்டர் இருக்கிறது, 2021இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஜூன் கடைசியில் நம் ஊர் வெயில் அங்கேயும் அடிக்கும், ஆனால் தாழ்வாரத்தை விட்டு இறங்காமலே ஒரு தியேட்டரிலிருந்து இன்னொரு தியேட்டருக்குப் பெரும்பாலும் போய்விட முடியும். அந்த வெயில் நாட்களில்தான், 1986 முதல் ஆண்டுதோறும், மீட்டெடுத்த படங்களுக்கென்றே 'இல் சினிமா ரித்ரொவாத்தோ' விழா நடக்கிறது. பழைய கசாப்புக்கூடத்தில் அமைந்த லுமியேர் தியேட்டரில் ஒரு அரங்கின் பெயர் ஸ்கார்செஸி, இன்னொன்றின் பெயர் மாஸ்த்ரோயான்னி. 1915இல் திறந்து, மூடி, 2023இல் மீண்டும் திறந்த மொடெர்னிஸ்ஸிமோ என்ற தியேட்டர் தரைக்குக் கீழே இருக்கிறது. அந்த ஊரில் பிறந்த பசோலினியின் பெயர் கொண்ட சிறு முற்றத்தில், கார்பன் கம்பிகளை எரித்து ஒளி உண்டாக்கும் பழைய புரொஜெக்டரில் சில இரவுகள் படம் ஓட்டுவார்கள். நம் டூரிங் டாக்கீஸ்களில் ஆபரேட்டர் கம்பியை நகர்த்திக்கொண்டே உட்கார்ந்திருப்பாரே, அதே எந்திரம், அதே புகை.

இரவில் பியாத்சா மாஜ்ஜோரே சதுக்கத்தில் திரை கட்டுவார்கள். கட்டணம் கிடையாது. நாற்காலி கிடைக்காதவர்கள் சான் பெத்ரோனியோ பேராலயத்தின் படிகளில் உட்காருவார்கள். அந்த ஆலயத்தின் முகப்பே பாதிக்கு மேல் பளிங்கு பதிக்காமல் நின்றுபோனது. 2025 ஜூன் 27ஆம் தேதி அந்தத் திரையில் ஓடிய படம் 'ஷோலே'. நெருக்கடி நிலைக் காலத்தில் தணிக்கை மாற்றச் சொன்ன முடிவு நீங்கி, தாக்கூர் கப்பர் சிங்கைத் தன் காலாலேயே கொல்லும் மூல முடிவோடு முழுநீளப் பதிப்பு முதன்முதலாகத் திரையேறியது அங்கேதான். பதினொரு ஆண்டுக்கு முன், 2014இல், அதே விழா 1950களின் இந்திய சினிமாவுக்கு ஒரு பகுதி ஒதுக்கியது. அந்த வரிசையில் 'சந்திரலேகா'வும் இருந்தது. இந்தக் கலவையில்தான் வேலி சரிகிறது. கட்டக்கின் 'திதாஷ் ஏக்டி நதீர் நாம்' எந்த நாட்டுப் படம்? இயக்குநர் கொல்கத்தாவில் வாழ்ந்தவர். எடுத்தது 1973இல், விடுதலை பெற்ற வங்கதேசத்தில். புனேயில் இருந்த நெகட்டிவ் முழுமையாக இல்லாததால், குறைந்த பகுதிகளை ஜெர்மனியின் கூட்டாட்சிக் காப்பகத்தில் இருந்த பிரதியிலிருந்து எடுத்து நிரப்பி, 2010இல் போலோன்யாவில் முழுமையாக்கினார்கள். இதே லேபுக்கு வந்த படங்களில் செனகலின் 'தூக்கி பூக்கி' இருக்கிறது, சாப்ளினின் படங்கள் இருக்கின்றன. ஒரு லேப் மேசையில் அடுத்தடுத்து வரும் சுருள்களுக்குள் எது உலக சினிமா, எது வட்டார சினிமா? பிசின் ஒன்றுதான், பல்துளை அளவும் ஒன்றுதான்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். எல்லாம் சரி, ஆனால் நம் படத்தைக் காப்பாற்ற ஏன் இத்தாலி வர வேண்டும்? பணம் நியூயார்க்கிலும் லேப் இத்தாலியிலும் மேடை கானிலும் இருந்தால், எந்த இந்தியப் படம் பிழைக்க வேண்டும் என்று முடிவுசெய்வது யார்? ஐரோப்பிய விழாக்காரர்களுக்குப் பிடித்த படங்கள்தானே முதலில் மேசைக்குப் போகும்? இதில் உண்மை இருக்கிறது, மூடிமறைக்க வேண்டியதில்லை. ராயும் கட்டக்கும் அரவிந்தனும் மீண்ட வேகத்தில் நம் வணிகப் படங்கள் மீளவில்லை. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் நடப்பதைப் பார்த்தால் படம் சற்றே மாறித் தெரிகிறது. 2014இல் மும்பையில் தொடங்கிய ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்புதான் இப்போது இந்தியப் படங்களைத் தேர்ந்தெடுத்து எடுத்துப் போகிறது. ஜி. அரவிந்தனின் 'கும்மாட்டி', 'தம்பு' இரண்டும், கொல்லத்து முந்திரி வியாபாரி ரவீந்திரநாதன் நாயர் தயாரித்தவை, இப்படித்தான் மீண்டன. 'கும்மாட்டி'க்கு மூல நெகட்டிவே இல்லை, பிரிண்டுகளிலிருந்தே எடுத்தார்கள். 'தம்பு'வுக்கும் மணிப்பூரின் 'இஷானோ'வுக்கும், குஜராத்தில் 5 லட்சம் பால் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த பெனகலின் 'மந்த்தனு'க்கும் வேலை பாதி சென்னையில் பிரசாத் நிறுவனத்தின் கூடத்தில் நடந்தது. இலங்கையில் சுமித்ரா பீரிஸ் 1978இல் எடுத்த 'கெஹெனு லமய்' படத்தை மீட்டு 2025இல் கான் விழாவுக்குக் கொண்டுபோனதும் இதே மும்பை அமைப்பு. ஆகவே போலோன்யா எஜமானனாக இருக்கிறது என்பது பழைய சித்திரம். அந்தத் தொழிலின் பயிற்சிக்கூடமாக அது இருப்பதை யாரும் மறுக்க முடியாது, அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. கான் மேடைமேல் உள்ள மோகம் மட்டும் கொஞ்சம் குறையலாம்; சிவப்புக் கம்பளத்துப் புகைப்படம் வந்தபின்தான் நம் பத்திரிகைகளுக்கு 'தம்பு' என்று ஒரு படம் இருப்பது நினைவுக்கு வந்தது.

இன்னொரு மறுப்பு எளிமையானது: மீட்ட படம் நாளை வீட்டுக்கே வந்துவிடும், டிவியில் பார்க்கலாம், எதற்கு இந்தப் பயணம்? பார்ப்பதற்கு மட்டும் என்றால் தேவையே இல்லை. மதுரையில் உட்கார்ந்து அபு வரிசையை முழுசாகப் பார்க்க முடிகிறது என்பது பெரிய வரம், முப்பது ஆண்டுக்கு முன் ஃபிலிம் சொசைட்டிக்காரர்கள் ஒரு 16 எம்.எம். பிரிண்டுக்காக ரயில்வே பார்சல் ஆபீஸில் காத்துக் கிடந்ததை நினைத்தால். ஆனால் வீட்டுத் திரை ஒரு விஷயத்தை மறைத்துவிடும். அங்கே எல்லாப் படமும் சமமாக, எப்போதும் இருந்துகொண்டே இருப்பதுபோலத் தெரியும். இல்லாத படம் இல்லை என்றே தெரியாது. எண்முறைக் கோப்பு நிரந்தரம் என்ற நம்பிக்கையும் தவறு; வன்தட்டு சாகும், கோப்பின் வடிவம் பழசாகும், சில ஆண்டுகளுக்கொருமுறை எல்லாவற்றையும் புதிய இடத்துக்குப் பெயர்த்தாக வேண்டும். குளிர்ந்த உலர்ந்த அறையில் வைத்த சுருள் அதைவிட அதிக காலம் தாங்கும் என்பதால்தான் காப்பகங்கள் ஸ்கேன் செய்த பிறகும் சுருளைக் கைவிடுவதில்லை. இதை ஒரு கட்டுரையில் படிப்பதற்கும், கருகிய பல்துளையை ஒருவர் உருப்பெருக்கியின் கீழ் ஒட்டுவதைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் பயணத்தின் பயன்.

மீட்டெடுப்பு என்ற பெயரில் படத்தையே மாற்றிவிடுகிறார்களே என்பதுதான் ரசிகர்களிடையே அதிகம் சூடு பறக்கும் வாதம். வோங் கார் வாய் தன் படங்களின் மீட்புப் பதிப்புகளில் நிறத்தையும் சில இடங்களில் திரையின் அளவையும் மாற்றினார். மாற்றியதை ஒப்புக்கொண்டும் விட்டார். படைப்பாளியே உயிரோடிருந்து மாற்றினால் அதைத் தடுப்பது யார் என்று கேட்பவர்களும், 1990களில் தாங்கள் காதலித்த படம் இது இல்லை என்று கோபப்படுகிறவர்களும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நான் இரண்டாம் பக்கம். படம் வெளிவந்த பிறகு இயக்குநரும் அதன் ரசிகர்களில் ஒருவர்தான்; முதல் வரிசை ரசிகர் என்று வேண்டுமானால் சொல்லலாம். நேர்மையான வழி எது என்பதற்கு ஃப்ரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' நல்ல சாட்சி. 2008இல் புவனோஸ் ஐரஸில் ஒரு 16 எம்.எம். பிரதியில், காணாமல்போன சுமார் 25 நிமிடம் கிடைத்தது. கோடும் கீறலுமாகக் கிடந்த அந்தப் பகுதிகளை இயன்றவரை துலக்கி, மிஞ்சிய கீறல்கள் தெரியும்படியே சேர்த்து 2010இல் பெர்லினில் காட்டினார்கள். எது எங்கிருந்து வந்தது என்பது பார்க்கிறவருக்குத் தெரிகிறது. அபு வரிசையிலும் கண்ணைக் கூர்மையாக்கினால் ஒரு காட்சிக்குள்ளேயே தரம் ஏறி இறங்குவதைக் காணலாம். லண்டன் தீ அங்கே தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறது. அதை மறைக்காதது சரி.

நம் பக்கத்துக் கணக்கு வேறு மாதிரி. தமிழ் சினிமாவுக்கு லேபும் இருக்கிறது, அதில் வேலை தெரிந்த கைகளும் இருக்கின்றன. அந்த மும்பை அமைப்பு உலகத் திரைப்படக் காப்பகக் கூட்டமைப்போடு சேர்ந்து நடத்தும் பயிலரங்கு 2017இல் சென்னைக்கே வந்தது. இல்லாதது பெட்டிகளின் கணக்கு. எந்தப் படத்தின் நெகட்டிவ் எந்தக் குடோனில், யார் பெயரில், எந்த நிலையில் இருக்கிறது என்பதற்குப் பொதுவில் ஒரு பதிவேடு கிடையாது. உரிமை மூன்று கை மாறி, நெகட்டிவ் வேறு கையில் இருக்கும்; வாரிசுகளுக்கு டிவி உரிமை நினைவிருக்கும், ரீல் எண்ணிக்கை நினைவிருக்காது. 1950, 60களின் படங்கள் இப்போது மறுவெளியீட்டுக்கு வரும்போது பலவற்றை டெலிசினி டேப்பிலிருந்து ஊதிப் பெரிதாக்கித்தான் ஓட்டுகிறார்கள். கிடைத்த பிரதி அதுதான் என்றால் அதையாவது காட்டுவதில் தப்பில்லை, ஆனால் சுவரொட்டியில் 'புதுப்பொலிவுடன்' என்று போடும்போது எந்த மூலத்திலிருந்து என்றும் ஒரு வரி சேர்க்கலாம். போலோன்யா விழாவின் கையேட்டில் ஒவ்வொரு படத்தின் கீழும் அந்த வரி அச்சாகியிருக்கும்: பிரதி எங்கிருந்து வந்தது, எந்தக் காப்பகம் கொடுத்தது, எந்த லேப் மீட்டது. 2014இல் 'சந்திரலேகா' அங்கே போனபோது அது இடம்பெற்ற பகுதிக்கு அவர்கள் வைத்திருந்த தலைப்பு, 'அழியும் நிலையில் உள்ள இந்தியச் செவ்வியல் படங்கள்'.